பதினொரு அடைப்பான்

பன்னிரண்டடிப் படகு ஒன்றுக்கு எத்தனை அடைப்பான் தேவை? ஒன்று. கைகாவலாக இன்னொன்று. என்னிடம் பதினொன்று இருந்தன. அவை எனக்கு வாய்த்த வரலாற்றைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நாங்கள் குடியிருக்கும் டார்னெய்டில் பாதிப்பேர் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

படகு இல்லாதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். சின்னப் படகுகளின் பின்பக்கத்தில், அடியோடு ஒட்டினாற்போல் ஓர் ஓட்டை இருக்கும். கரையில் நிற்கும்போது உள்ளே தேங்கும் தண்ணீர் அதன் வழியாக வடியும். கடலில் இறக்குமுன் அந்த ஓட்டையைத் திருகி மூடவேண்டும். மூடுகிற சாமான்தான் அடைப்பான். இங்குள்ள வெள்ளைக்காரர் அதை ‘பங்’ என்பார்கள். பெருவிரல் அளவுதான் இருக்கும். ஒரு மனிதனின் மானத்துக்கு அந்த அளவு போதும்.

என் பெயர் வரதராஜா. ட்ருகனினாவில் ஒரு பெரிய பண்டகசாலையில் பாதுகாப்பு அலுவலர். காலையில் நாற்பது பேரை வரிசையில் நிறுத்தி, “எதையும் தொடமுதல் சரிபார். சரிபார்த்ததை இன்னொருமுறை சரிபார்” என்று சொல்வதுதான் என் வேலை. அதற்காக எனக்கு மஞ்சள் மேற்சட்டை ஒன்றும் தந்திருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் உங்களிடம் மறைக்கக்கூடாது. மறைத்துப் பட்டது போதும்.

படகை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் என் மனைவி சிவகௌரி அதைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். படகைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அது நின்ற இடத்தைப் பற்றித்தான் சொன்னாள். அது நின்றது கராஜில். அந்தக் கராஜில் ஒரு குசினி போடவேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருடக் கனவு. வீட்டுக்குள் மிளகாய் வறுத்தால் புகை மணி அலறுகிறது. மீன் பொரித்தால் திரைச்சீலைகூட ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், மீனாகவே இருக்கிறது. அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதனால்தான் நான் சத்தமாகப் பேசினேன்.

“போட்டை வெளியிலை விடுங்கோவன்.”

“வெளியிலை விட்டால் மழைத்தண்ணி நிரம்பும், கௌரி.”

“மேலை ஏதாலும் போட்டு மூடுங்கோ.”

“டார்னெய்ட் காத்து உமக்குத் தெரியாதோ? மூடியும் பறக்கும், பக்கத்து வீட்டு வேலியும் பறக்கும். போட்டுக்குக் கட்டாயம் ஒரு கூரை வேணும்.”

“ஓமோ?”

‘அப்படியா’ என்று கேட்கிற இந்த ‘ஓமோ’வைப் பற்றி ஒரு வார்த்தை. அவள் கத்தினால் நான் பயப்படுவதில்லை. அழுதால்கூடச் சமாளித்துவிடுவேன். ‘ஓமோ’ என்று மெல்லக் கேட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால்தான் எனக்குப் பயம். இருபத்துநாலு வருட அனுபவம்.

“சரி, ஒரு பேச்சு,” என்றாள் போகிற போக்கில். “சாமான் பழுதாப் போனால் நான் ஒண்டும் பேசமாட்டன். அது ஆருக்கும் நடக்கும். ஆனால் நீங்கள் எதையாவது மறந்துபோட்டு, உந்தப் போட்டாலை நாலுபேருக்கு முன்னாலை மானம் போச்சுதெண்டால், அண்டையோடை கராஜ் எனக்கு.”

“நான் மறக்கிறதோ? என்ரை உத்தியோகம் என்னெண்டு தெரியுமோ?”

“தெரியும். போன மாசம் என்னையே இந்தியன் கடையிலை மறந்துபோட்டு வந்தனீங்கள்.”

அந்தக் கதை இங்கே வேண்டாம்.

புதிதாக எது வாங்கினாலும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்யாமல் அவள் தொடவிடமாட்டாள். காருக்குச் செய்தோம். படகுக்கும் செய்தோம். கார்ச் சில்லு நாலு, படகை ஏற்றிய ட்ரெய்லர்ச் சில்லு இரண்டு, ஏறி நசுக்க மொத்தம் ஆறு தேசிக்காய். கோயில் ஐயர் படகுக்குப் பூசை செய்வது அதுதான் முதல்தடவை போலிருக்கிறது. உற்சாகமாகிவிட்டார். படகின் மூக்கிலே சந்தனம் வைத்தார், மாலை போட்டார், கும்பத் தண்ணீரைத் தெளிக்காமல் கவிழ்த்தே விட்டார். சிவகௌரி தன் பங்குக்கு ஒரு போத்தல் பாலும் ஊற்றினாள். தேங்காய் உடைத்த தண்ணீரும் உள்ளேதான் போனது. வெயிலில் பால் மணக்கத் தொடங்குமே என்று நான் அடைப்பானைக் கழற்றி, கோயில் தண்ணீர்க் குழாயால் படகைக் கழுவி விட்டேன். ஒரு கையில் குழாய், மறு கையில் அடைப்பான். அந்த நேரம் பார்த்து அவள் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். விபூதி எடுக்கவேண்டும். கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டேன்.

இனி நடந்ததை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

வெர்ரிபி சவுத் இறங்குதுறை. அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டுக் கோபாலகிருஷ்ணன் மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. உதவிக்கு வந்திருந்தார். நாங்கள் இருவரும் படகில். சிவகௌரி பட்டுச்சேலையும் அர்ச்சனைத் தட்டுமாக இறங்குதுறை மேடையில். கரையிலிருந்து இருபது அடி போயிருப்போம்.

“சார், கால் நனையுதே?”

“கடல் எண்டால் கால் நனையும்தானே, தம்பி.”

“இல்ல சார், கணுக்கால் வரைக்கும் வந்துடுச்சு.”

“அலை தெறிச்சிருக்கும்.”

“சார், என் செருப்பு மிதக்குது சார்!”

அப்போதுதான் எனக்கு அர்ச்சனைத் தட்டு ஞாபகம் வந்தது. வாழைப்பழம், வெற்றிலை, பாதித் தேங்காய், அவற்றின் நடுவே ஒரு வெள்ளை அடைப்பான். கரையில் நின்ற ஒரு கிழவர், “மேட், பங் போட்டியா?” என்று கூவினார். அதைக் கேட்டு இறங்குதுறையே திரும்பியது. அலுமினியப் படகு முழுதாக மூழ்காது, அதற்குள் மிதவை வைத்திருப்பார்கள். இருக்கை மட்டம்வரை தண்ணீரை நிரப்பிக்கொண்டு, ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி மிதந்துகொண்டே இருக்கும். முழுதாக மூழ்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும். நான் இடுப்பளவு தண்ணீரில், மாலை போட்ட படகைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு கரையேறினேன். நெற்றியில் விபூதி அழியாமல் இருந்தது.

“என்னப்பா நடந்தது?” என்றாள் சிவகௌரி.

கராஜ் என் கண்முன்னே வந்தது. அதில் அடுப்பு, அடுப்பில் தாச்சி, தாச்சியில் மீன். வாய் தானாகவே பொய் சொன்னது.

“அடைப்பான் வெடிச்சுப் போச்சு.”

“வெடிச்சுப் போச்சோ?”

“ஓம். பழுதான சாமான். அமுக்கம் தாங்கேல்லை. படாரெண்டு வெடிச்சுது.”

“எனக்குச் சத்தம் கேக்கேல்லை?”

“தண்ணிக்குக் கீழை வெடிச்சால் கேக்காது.”

“ஓமோ?” என்றாள் சிவகௌரி. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சேலை மாற்றப் போன நேரத்தில் அந்தத் தட்டைத் தேடி எடுத்தேன். வாழைப்பழம் இருந்தது. வெற்றிலை இருந்தது. அடைப்பானைக் காணவில்லை. காய்ந்த பூவோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும். ஒரே சாட்சியும் ஒழிந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்று இரண்டு பிடி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஆனால் சிவகௌரி சிட்னியிலிருக்கும் தன் தமையன் அருந்தவனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அருந்தவன் எஞ்சினியர். ஒரு பொருள் உடைந்தது என்று கேள்விப்பட்டால் அவருக்குப் பசிகூட எடுக்காது. அன்றைக்கே ஃபோன்.

“மச்சான், அது பித்தளையோ பிளாஸ்டிக்கோ?”

“பிளாஸ்டிக்.”

“நெடுக்காப் பிளந்ததோ, குறுக்காத் தெறிச்சதோ?”

“ரெண்டும்.”

“ரெண்டுமோ! துண்டு ஒண்டும் எடுத்து வைக்கேல்லையோ?”

“மீன் கொண்டுபோட்டுது.”

அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்படி ஒன்று உலகத்தில் நடக்கவே ஏலாது, நடந்திருந்தால் தான் நேரில் வந்து அந்த ஓட்டையைப் பார்க்கவேண்டும், மார்ச் மாத நீண்ட வாரவிடுமுறைக்கு வருகிறேன் என்றார். அதற்கு ஆறு கிழமை இருந்தது. சிவகௌரி எனக்குத் தேத்தண்ணீர் தந்துகொண்டே, “அப்ப நல்லதா வேறை ரெண்டு மூண்டு வாங்கி வையுங்கோ. அண்ணாவோடை போகேக்கையும் வெடிச்சால்?” என்றாள்.

நான் படகுச் சாமான் கடைக்குப் போனேன். அடைப்பானில் இத்தனை சாதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திருகுகிற சாதி, அமத்துகிற சாதி, நெம்பை அமத்தினால் உப்பி அடைக்கிற ரப்பர்ச் சாதி. திருகுகிறதிலும் புரி பெரியது, புரி சின்னது. கடைக்காரர், “பழையதைக் கொண்டுவா, அளவு பார்த்துத் தருகிறேன்” என்றார். பழையது வெடித்துவிட்டது என்றேன். அவர் என்னை ஒருகணம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, “இங்கே வா, இந்த மனுஷர் சொல்றதைக் கேள்” என்று இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து கேட்டுவிட்டு மூன்றாவது ஆளைக் கூப்பிட்டார். மூன்றுபேருக்கும் நான் படாரென்ற சத்தம் உட்பட விளக்கினேன். ஆங்கிலத்தில் பொய் சொன்னால் எனக்கு இன்னும் வியர்க்கிறது.

அந்த வெட்கத்தில் யோசிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒன்று தா என்று பதினொன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். படகில் பொருந்தியவை இரண்டு, ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு பித்தளை. பெரிய சிவப்பு ரப்பர் ஒன்று இருந்தது. ஒன்றிலும் பொருந்தாது, ஆனால் பார்க்க வடிவு.

“உது எதுக்கு?” என்றாள் சிவகௌரி.

“பெரிய போட்டுக்கு.”

“எங்களிட்டைப் பெரிய போட் இருக்கோ?”

“ஒருநாள் வாங்கினால்?”

“ஓமோ?”

அந்த ஆறு கிழமையும் நான் தினமும் சாமியறையில் நின்று, கண்ணை இறுக்கி மூடி, உண்மை வெளியே வரக்கூடாது என்று கும்பிட்டேன். சாமியிடம் கேட்கிற விஷயமா இது? தெரியும். வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை.

அருந்தவன் வெள்ளி வந்து சேர்ந்தார். சனிக்கிழமை படகைக் கழுவிப் பளபளப்பாக்கினேன். தண்ணீர் வடிய வெள்ளை அடைப்பானைக் கழற்றினேன். இந்தமுறை ஏமாறுவேனா? எங்கேயும் வைக்கவில்லை. நேரே கொண்டுபோய் மற்றப் பத்தோடும் சேர்த்து ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு மூடி, குசினி மேசையில் வைத்தேன். பதினொன்றும் ஒரே இடத்தில். இதுவல்லவா பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களின் வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டி எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முப்பது. ஒன்றிலும் ஐஸ்கிரீம் கிடையாது. ஞாயிறு காலை மேசையில் இருந்த பெட்டியைக் கையில் எடுத்தேன். குலுக்கிப் பார்த்தேன். கலகல என்று சத்தம் வந்தது. இன்னொருமுறை குலுக்கினேன். மறுபடியும் கலகல. சரிபார்த்ததை இன்னொருமுறை சரிபார்த்தாயிற்று.

சிவகௌரியும் அண்ணனும் நானும் போய்ச் சேர்ந்தபோது இறங்குதுறையில் விடுமுறைக் கூட்டம். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு ட்ரெய்லர். முதல் ஆளாக நின்றவர் அதே கிழவர். என்னைக் கண்டதும் கையசைத்தார்.

“மச்சான், அந்த வெடிச்ச இடத்தைக் காட்டும் பாப்பம்,” என்று அருந்தவன் படகுக்குப் பின்னால் குந்தினார். ஓட்டைக்குள் விரலை விட்டார். “புரியெல்லாம் சுத்தமாக் கிடக்கே. வெடிச்ச அடையாளமே இல்லை. அதுசரி, இப்ப அடைப்பான் எங்கை?”

“இந்தா!” என்றேன். பதினொன்றைக் கண்டதும் மனிதர் வாயைப் பிளக்கவேண்டும் என்ற ஆசையில் பெட்டியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துத் திறந்தேன்.

மோர்மிளகாய். பெட்டி நிறைய, நன்றாகக் காய்ந்த மோர்மிளகாய்.

அருந்தவன் ஒன்றை எடுத்தார். எஞ்சினியர் அல்லவா? ஓட்டையில் செருகிப் பார்த்தார்.

“அளவு கொஞ்சம் காணாது, மச்சான்.”

பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தார்கள். கிழவர் எட்டிப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. “கௌரி, மற்றப் பெட்டி எங்கை?” என்றேன்.

“அதுவோ? மீன் எண்டு நினைச்சு ஃப்ரீசருக்குள்ளை வைச்சிட்டன்,” என்றாள் அவள். கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கடதாசிப் பொட்டலம். விபூதி சுற்றி வைக்கிற மாதிரி மடித்திருந்தாள். ஆற அமரப் பிரித்தாள்.

வெள்ளை அடைப்பான். ஒரு கீறல் இல்லை. தலையில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது.

“அண்டைக்கு அர்ச்சனைத் தட்டிலை, வாழைப்பழத்துக்குக் கீழை கிடந்தது,” என்றாள். “கோயில் சாமான் எண்டு சாமியறையிலை குங்குமச் சிமிழுக்குப் பக்கத்திலை வைச்சிருந்தனான். நீங்கள் தினமும் அதுக்கு முன்னாலைதான் நிண்டு கும்பிட்டனீங்கள்.”

அருந்தவன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுக்காகவும் பார்த்தார், குறுக்காகவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?” என்று அவளிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீங்கள் வெடிச்சதெண்டு சொன்னியள். வெடிச்ச சாமானை நான் எப்படி முழுசாக் கொண்டுவந்து காட்டுறது? உங்கடை மரியாதை என்னாகிறது?” என்றாள். பிறகு குரலைத் தணித்து, “நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஆறு கிழமை பாத்தனான் அப்பா,” என்றாள்.

அந்த இடத்தில் நிலம் பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் அது கொங்கிறீட் போட்ட இறங்குதுறை. அதனால் நின்றேன். “மறந்துபோனன், கௌரி. அண்டைக்கு மறந்தனான், இண்டைக்கும் மறந்தனான்,” என்றேன். பொய் சொன்ன ஆறு கிழமையில் விடாத மூச்சை அப்போது விட்டேன். கிழவர் விளங்கியதுபோல் என் முதுகில் தட்டினார்.

அவளே குனிந்து அடைப்பானைத் திருகினாள். படகு இறங்கியது. ஒரு துளி தண்ணீர் உள்ளே வரவில்லை. அண்ணனும் தங்கையும் மூன்று மீன் பிடித்தார்கள். நான் மோர்மிளகாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருந்தேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவள் அளவு நாடாவோடு கராஜுக்குள் போனாள். அருந்தவன் அதன் மறுமுனையைப் பிடித்தார். நான் வாசலில் நின்று கடைசியாக ஒருதரம் முயன்றேன். பேச்சு பேச்சுத்தான், கராஜை எடுக்கட்டும். ஆனால் படகு பாவம் அல்லவா?

“எல்லாம் சரி, கௌரி. போட்டை வெளியிலை விட்டால் மழைத்தண்ணி நிரம்பும். அதுக்கு ஒரு கூரை வேணுமே?”

அவள் படகடிக்குப் போனாள். குனிந்தாள். அடைப்பானைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

“இப்ப விழுற தண்ணியெல்லாம் வடிஞ்சுபோம். பிறகென்னத்துக்குக் கூரை?”

நான் அருந்தவனைப் பார்த்தேன். அவர் எஞ்சினியர். “சரிதான், மச்சான்,” என்றார்.

குசினி வந்து இரண்டு மாதமாகிறது. படகு முற்றத்தில் மழையில் நனைந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காமல், நல்ல சுகமாக நிற்கிறது. நேற்று மீன் பொரித்த தாச்சிகளையும் கோப்பைகளையும் கழுவுவதற்காக நான் புதிய சிங்குக்கு முன்னால் நின்றேன். சிங்கோடு வந்த மூடி ஒழுகியது. சிவகௌரி ஃப்ரீசரைத் திறந்து, ஐஸ்கிரீம் பெட்டியைக் கிளறி, என்னுடைய சிவப்பு ரப்பர் அடைப்பானை எடுத்துவந்து ஓட்டையில் வைத்து நெம்பை அமத்தினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. தண்ணீர் விளிம்புவரை நிரம்பி அப்படியே நின்றது. கோப்பைகளை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்:

“நல்ல சாமான், அப்பா. வெடிக்கேல்லை.”